தலையணையில் ஒரு சொட்டு

என் பல்செட்டின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

கார் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் என் பழைய டிரெய்லர் வீட்டின் ஜன்னல்களையெல்லாம் கழற்றி, காய்ந்த ரப்பரைச் சுரண்டி, புதுசு வைத்து நானே அடைத்தேன். பக்கத்து வீட்டு ஆர்வில் வேலிமேல் சாய்ந்துகொண்டு நக்கலடித்தான்.

"என்ன தர்லோ, மறுபடியும் சிலிக்கான் பசையை அப்பிட்டியா? உள்ளே மீன் வளர்க்கப் போறியா?"

"வாயை மூடுடா, கிழட்டுத் தவளை!"

என் மனைவி மாடீன் குறுக்கே வந்தாள். "ரெண்டு பேரும் கத்தாதீங்க. ஆர்வில், ஹோஸை எடுத்துட்டு வந்து ஜன்னல்மேல தண்ணியைப் பீய்ச்சு. என் தலையணையில ஒரு சொட்டு விழுந்தாலும் இந்த டிரெய்லர் சனியனை நீயே இழுத்துட்டுப் போ."

நான் தலையணையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அடைப்பு அத்தனை கச்சிதம். காற்று நுழைய வழியில்லாமல் உள்ளே இருந்த ஈ மயங்கி விழுந்தது. ஆர்வில் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் பீய்ச்சினான். கடைசியில் அவன் கிணறே வற்றிவிட்டது.

"ஒழுகுதா?" என்று கத்தினான்.

"உன் மூக்குதான் ஒழுகுது!"

மாடீன் வந்து தலையணையைத் தடவிப் பார்த்தாள். சுக்காகக் காய்ந்திருந்தது. ஆர்வில் ஹோஸை வீசி எறிந்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

அப்புறம் ஏன் டிரெய்லர் இப்போது அவன் வீட்டு வாசலில் நிற்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.