புகார்தாரரின் முகவரி

இணையதளம் மூடியிருந்தது.

மூன்று முறை திறந்து பார்த்தான். மூன்று முறையும் வெள்ளைத் திரைதான். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று ஒரு வரி.

முடக்கியது அவனேதான். காலை பத்தரைக்கு, யாரிடமும் அனுமதி கேட்காமல்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் அதே தளம் வேறு பெயரில், ஏதோ ஒரு நாட்டுக் கணினியிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டது. அதே சிவப்புத் தலைப்பு. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்களின் அதே புகைப்படங்கள். இவர்களை எங்கே பார்த்தாலும் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற அதே வாசகம்.

பதினேழாவது படம் கௌசிகாவும் அவள் கணவன் லெனினும். மாலையும் கழுத்துமாக, பயந்துகொண்டே சிரிக்கிறார்கள்.

முந்தாநாள் வரை அந்தப் படத்துக்குக் கீழே பெயர்கள் மட்டும்தான் இருந்தன. இன்று காலையிலிருந்து கதவு எண் இருந்தது. தெரு இருந்தது. திருப்பூரில் எந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து என்பதுகூட இருந்தது.

கொடுத்தவன் அவன்.

கோவையில் இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் நிறுவனம் அது. புகார்ப் பிரிவில் அவனுக்கு வேலை. என் படத்தைத் திருடிவிட்டான், என் கடைப் பெயரில் போலிக் கடை நடத்துகிறான் என்று தினம் நாற்பது புகார் வரும். வந்ததை அப்படியே தளம் நடத்துகிறவருக்கு அனுப்பி விளக்கம் கேட்க வேண்டும். இரண்டு நாள் அவகாசம் தர வேண்டும். அதுதான் முறை. அதற்கென்று ஒரு பொத்தான். ஐந்து வருடப் பழக்கத்தில் விரல் தானாகவே அங்கே போய்விடும்.

கௌசிகாவின் புகாருக்கும் போனது.

படிக்காமல் அனுப்பிவிட்டேன் என்றாவது சொல்லிக்கொள்ள முடிந்தால் தேவலை. படித்தான். வரிக்கு வரி படித்தான். பாவம், சின்னப் பெண் என்று, வரிசையில் முப்பதாவதாகக் கிடந்ததை முதலில் எடுத்து அனுப்பினான். நல்லது செய்கிற அவசரம்.

கடிதத்தின் அடியில் அவள் முகவரியும் இருந்தது. கண் பார்த்தது. புத்திதான் பார்க்கவில்லை.

காலையிலிருந்து அந்த ஆளைத் தேடுகிறான். தளத்துக்கு வாடகை கட்டியவன் பெயர் ராஜா. ஊர், ராஜா நகர். பின்கோடு, ஆறு பூஜ்ஜியம். இந்த லட்சணத்தில் ஒரு கணக்கை இரண்டு வருடமாக நம்பி இடம் கொடுத்திருக்கிறார்கள். சைபர் கிரைமில் மரியாதையாகத்தான் பேசினார்கள். புகார் எண் கொடுத்தார்கள். வெளிநாட்டுக்குக் கடிதம் போய் பதில் வர மாதக்கணக்காகும் என்றார்கள். புதிதாக இடம் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினான். ஏழு வேலை நாளில் பரிசீலிப்போம் என்று இயந்திரம் பதில் போட்டது.

அதற்குள் இன்னும் இரண்டு பெயர்களில் அது முளைத்துவிட்டது. பழைய ஓட்டுக்கூரை மாதிரி. இங்கே அடைத்தால் அங்கே ஒழுகுகிறது.

மேலாளரிடம் போய் நின்றான். அவர் நல்ல மனிதர்.

“முறைப்படிதானே செஞ்சிருக்கீங்க,” என்றார்.

இதற்கு அவர் இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

மாடிப்படியில் நின்று கௌசிகாவின் எண்ணை அழுத்தினான். கம்பெனி பெயரைச் சொன்னதும் அவள் முந்திக்கொண்டாள்.

“இப்பத்தான் பாத்தேன் சார், அந்தப் பக்கம் தொறக்கவே மாட்டேங்குது. ரொம்ப நன்றி சார். எத்தனை பேருக்கு எழுதினோம், நீங்க ஒருத்தர்தான் எடுத்தீங்க.”

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு போனை வைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே அவனுக்குக் கூசியது.

சொன்னான். கோர்வையாக வரவில்லை. முறை என்றான், தவறுதலாக என்றான். கடைசியில், நான்தான் அனுப்பினேன் என்றான். வீட்டில் இருக்க வேண்டாம், உடனே போலீஸுக்குப் போங்கள் என்றான்.

அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசில் அடித்தது. யாரும் அதை அணைக்கவில்லை. பிறகு தாழ்ப்பாள் போடும் சத்தம். இன்னொரு தாழ்ப்பாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும்.

அவள் திட்டவில்லை. குரல் மட்டும் மெலிந்திருந்தது.

“அவரு பனியன் கம்பெனில இருக்காரு. வரச் சொல்றேன். ரெண்டு பேரும் நேரா ஸ்டேஷனுக்குப் போறோம்.”

“போங்க. தாமதிக்காதீங்க.”

“யாரு சொன்னாங்கன்னு கேப்பாங்க சார். உங்க பேரும் வீட்டு அட்ரஸும் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

நியாயமான கேள்வி. அவள் எழுதித் தரப்போகும் தாள் ஸ்டேஷனில் எத்தனை கை மாறும் என்று அவனுக்குத் தெரியாது. யாருடைய மேசைக்குப் போகும், யாருக்கு அப்படியே அனுப்பப்படும் என்றும் தெரியாது.

சரவணம்பட்டியில் வீடு. நாலு மணிக்கு மகள் பள்ளி வேனிலிருந்து இறங்கி, தெருமுனையிலிருந்து தனியாக நடந்து வருவாள்.

“சொல்லுங்க சார்.”

அவன் கம்பெனியின் பெயரை மறுபடியும் சொன்னான்.