தொப்பூர் இறக்கத்தில் ஒரு சமாதானம்

"கதவ நல்லாச் சாத்திக்குங்க. இனி வழியில எங்கியும் நிறுத்த மாட்டேன்" என்றார் லாரி முதலாளி நஞ்சப்பன். சொல்லிவிட்டு அம்பாசிடரைக் கிளப்பினார்.

பின்சீட்டில் பாக்கியமேரி புருஷன் சவரியை இன்னும் ஒட்டி உட்கார்ந்தாள். கேஸ் போட்டவனை எதிராளியே வீடு தேடி வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனால், அது நல்லதுக்கா இருக்கும்?

எண்பத்தைந்தாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு, இதே ரோட்டில் சவரியின் டாக்சியைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளியது நஞ்சப்பனின் லாரி. அன்றைக்கு அசைவற்று விழுந்ததுதான் சவரியின் வலது கை. அதற்குப் பிறகு சட்டைப் பித்தானைப் போட்டுவிடுவதும், சோற்றைப் பிசைந்து ஊட்டுவதும் பாக்கியமேரிதான். ஊட்டிவிட்டு, கல் உடைக்கும் வேலைக்கு ஓடுவாள். நஷ்டஈடு வந்தால்தான் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் அடுப்பு எரியும்.

"கோர்ட்டு எதுக்குங்க? சேலத்துல வக்கீல் ஆபீஸ்ல உக்காந்து பேசி முடிச்சிக்கலாம்" என்று நஞ்சப்பன் கூப்பிட்டதும் சவரி தலையை ஆட்டிவிட்டான். "ஒத்தையில அனுப்ப மாட்டேன்" என்று இவளும் ஏறிக்கொண்டாள். சும்மாவா? முன்பு இதே மனுஷன் மேல் கேஸ் போட்ட மாது என்கிறவன், பாதியிலேயே வாபஸ் வாங்கிக்கொண்டு ஊரையே காலி பண்ணிப் போனான். ஏன் போனான் என்று கேட்க ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை.

முன்சீட்டில் இன்னொரு ஆள். ஏறினதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டிக்குள் இருந்த கண்ணாடியை மட்டும், பின்சீட்டு தெரிகிற மாதிரி தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான்.

"அவரு யாருங்க?" என்று கேட்டாள் பாக்கியமேரி.

"நம்ம ஆளுதான் தங்கச்சி. வந்த வேல முடிஞ்சா போயிருவாரு."

என்ன வேலையோ, பாவி!

பொழுது சாய்கிற நேரத்தில் தொப்பூர் இறக்கம் வந்தது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம்.

"இங்கதான இடிச்சது, சவரி?"

"ஆமாங்க."

"பொல்லாத எடம். இந்தப் பள்ளத்துல எது உழுந்தாலும் லேசுல கண்டுபுடிக்க முடியாது" என்றார் நஞ்சப்பன், ஊர் வம்பு பேசுகிற குரலில்.

பாக்கியமேரி பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். புருஷன் காதோரம் குனிந்தாள். "ஏங்க, கேஸும் வேணாம், ஒன்னும் வேணாம். எறங்கிக்கலாம். உசுரு இருந்தாப் போதும்."

"சும்மா இரு, மேரி" என்று அதட்டினான் சவரி. "இத்தன தூரம் வந்துட்டு விடுவனா?"

அவன் வாயை மூடவில்லை, வண்டி பிய்த்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. நஞ்சப்பன் காலை ஓங்கி ஓங்கி மிதித்தார்.

"அய்யய்யோ, பிரேக் புடிக்கலியே!"

வளைவில் ஒரு லாரி, ஹாரன் அலற, எதிரே ஏறி வந்தது.

"ஏசுவே! மாதாவே!" புருஷனும் பெண்டாட்டியும் ஒருசேரக் கத்தி, நெற்றியும் மார்பும் தோளுமாக அவசர அவசரமாகச் சிலுவை போட்டார்கள். பாக்கியமேரி கண்களை இறுக மூடிக்கொண்டாள். வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் முகம்தான் வந்தது. இனி அதுகளுக்கு யார் இருக்கிறார்கள்?

லாரி உரசாமல் கடந்து போனது. கார் மெல்ல வேகம் குறைந்து, சாலையோரச் சாப்பாட்டுக் கடை முன்னால் அலுங்காமல் நின்றது.

போன உயிர் திரும்பி வந்ததும் பாக்கியமேரிக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தன. "பாவிங்களா, எங்களக் கொல்லத்தான கூட்டியாந்தீங்க? பிரேக் இல்லாம வண்டி இப்ப எப்பிடி நின்னுச்சு?"

நஞ்சப்பன் என்ஜினை அணைத்தார். முன்சீட்டு ஆள் அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் கோபமில்லை, சிரிப்புமில்லை.

"பயப்படாதீங்கம்மா. நான் இன்சூரன்ஸ் கம்பெனி ஆளு" என்றான். பிறகு அவள் புருஷனைப் பார்த்து, மெதுவாகக் கேட்டான்.

"சவரி, இப்ப எந்தக் கையாலங்க சிலுவை போட்டீங்க?"