கடல் கடந்து போன சேதி

"ஆப்பிள் அறுவடைக்குள்ள அவர் வந்து சேரலேன்னா, நான் வேற ஒருத்தரைக் கட்டிக்குவேன். இதை அப்படியே சொல்லுங்க சாமி. ஒரு வார்த்தை குறைக்காதீங்க."

ஆல்பரெடா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இங்கிலாந்துக்குக் கப்பலேறக் கிளம்பியிருந்த துறவி எர்லூன் தர்மசங்கடமாக நெளிந்தார்.

அவள் கணவன் தூரால்ட், இங்கிலாந்தைப் பிடிக்க நார்மன் குதிரைப்படையோடு கடல் கடந்து போனவன். போரில் ஜெயித்தாயிற்று. ஆனாலும், போனவர்களில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா. அங்க இன்னும் கலகம் அடங்கலை. இப்ப விட்டுட்டு வந்தா, அரசர் கொடுத்த நிலமெல்லாம் கைவிட்டுப் போயிடும்."

"குளிருக்கு அந்த நிலமா வந்து என் பக்கத்துல படுத்துக்கப் போகுது?"

துறவி சிலுவைக்குறி போட்டுக்கொண்டு அவசரமாகக் குதிரையேறினார். வாசலில் நின்ற வேலைக்காரி எமெலினுக்கே அழுகை வந்துவிட்டது.

ஊரெங்கும் ஆப்பிள் சாறு பிழிந்துகொண்டிருந்தபோது எர்லூன் திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலைம்மா. இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாருமே இதே சேதியைத்தான் அனுப்பியிருக்காங்க. மத்தவங்க வீட்டுக்காரங்க அலறியடிச்சுக் கிளம்பிட்டாங்க. உங்க வீட்டுக்காரர் மட்டும் சபை நடுவுல எழுந்து நின்னு, 'பொம்பளை கூப்பிட்டா ஓடணுமா? சாகுறவரைக்கும் நான் இங்கதான்'னு புனிதர் எலும்பு மேல கைவெச்சு சத்தியம் பண்ணிட்டார். அரசருக்கு மனசு குளிர்ந்துபோச்சு. ஓடிப்போனவங்க நிலத்தையும் அவருக்கே கொடுத்துட்டார்."

ஆல்பரெடா இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. துறவி சத்தமில்லாமல் நழுவினார்.

எமெலின் ஒரு குவளை ஆப்பிள் மதுவோடு ஓடி வந்தாள்.

"அழாதீங்கம்மா. மிரட்டாம, ஆசையா நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா வந்திருப்பாரோ என்னவோ."

ஆல்பரெடா கைகளை எடுத்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது.

"'வராதீங்க'ன்னு சொல்லியிருந்தாத்தான்டி வந்திருப்பார். கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் சொன்னதுக்கு நேர்மாறாத்தான் நடந்திருக்கார். அவர் போனதுக்கு அப்புறம்தான் இந்த வீட்டுல நான் நிம்மதியாத் தூங்கறேன்."

குவளையை வாங்கி ஒரு வாய் குடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"மத்தவளுங்களையும் அப்படிச் சேதி அனுப்பச் சொன்னது நான்தான்னு வெளியில மூச்சு விட்டுடாதே."