மீசையில் கை வைக்கக் கூடாது

"படத்தை வெச்சு கேம் போட்டீங்க. இஷ்டத்துக்கு மாத்திக்கினு ஆடுறதுக்கு டூலும் குடுத்தீங்க. ஹீரோ மீசையை எடுக்கப் போனா மட்டும் இன்னாத்துக்கு நைனா மாட்டேங்குது?" என்றார் பருத்திப்பட்டு மணவாளன்.

அம்பத்தூர் கேம் கம்பெனி தினேஷ் பொறுமையாகச் சொன்னான். "சட்டையை மாத்தலாம், பைக்கை மாத்தலாம். முகத்துல மட்டும் கை வைக்கக் கூடாது சார். படக்கம்பெனி குடுத்த லைசென்ஸ் அப்படி."

"மீசையை எடுத்துட்டு, தலையில வழுக்கை, லைட்டா ஒரு தொப்பை?"

"முடியாது."

"சரி, தொப்பையை உட்டுட்டேன். மீதியைப் பாத்து போட்டுக் குடு."

"கத்தரிக்காயா சார் விக்கிறோம், பேரம் பேச?"

மணவாளன் குரல் இறங்கியது. "நாளைக்கு எம் பொண்ணு பர்த்டே. கேம்ல வர்ற ஹீரோ எங்க நைனாதான்னு கிளாஸ் பூரா சொல்லி வெச்சிருக்கா. பசங்க ஊட்டுக்கு வருதுங்க. என்னைப் பாத்துட்டு, ரீல் உட்டேன்னு அவளை அழ வெச்சிடும்ங்க."

தினேஷ் சுவரிலிருந்த பட போஸ்டரைப் பார்த்தான். மீசையில்லாமல், வழுக்கையும் தொப்பையுமாக நின்ற அவரைப் பார்த்தான். பதறி எழுந்தான்.

"சார், நீங்களா! உக்காருங்க சார். காபி சொல்லட்டுமா? ஒரு செல்ஃபி?"

செல்ஃபி முடிந்ததும் மணவாளன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் மூஞ்சிதானே, இப்ப மாத்திக் குடு."

தினேஷ் தயங்கினான்.

"தப்பா நினைக்காதீங்க சார். அந்த முகத்தைத்தான் நீங்க படக்கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டீங்களே. அவங்களைக் கேக்காம மீசையை எப்படி சார் எடுத்தீங்க?"