சதுரத்துக்குள் ஒரு கூட்டல் குறி

கூடை மறுபடியும் நழுவிப்போனது.

"சே!" என்று டாக்டர் தன் போர் விமானத்தைப் பின்னுக்கு இழுத்தார்.

முன்னால் எண்ணெய் விமானம் பறந்துகொண்டிருந்தது. அதன் வாலிலிருந்து நீளமாக ஒரு குழாய், குழாயின் நுனியில் கூடை மாதிரி ஒரு வாய். அந்த வாய்க்குள் தன் விமானத்தின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைச் சொருகி எண்ணெய் பிடிக்க வேண்டும். இரண்டும் பறந்துகொண்டே. விரல் ஒரு நூல் பிசகினால் கதை கந்தல்.

எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டின் பின்னறை, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு ஐம்பத்தெட்டு வயதுக் கண் டாக்டர் ஆகாயத்தில் இருந்தார். ஆளுக்கொரு பைத்தியம், இவருக்கு இது. நிஜ விமானத்தில் இருக்கிற அத்தனை சுவிட்சும் இதிலும் உண்டு. இன்ஜினைக் கிளப்பவே கால் மணி நேரம் ஆகும்.

சண்டையில் அவர் சுமார்தான். வருகிறவன் போகிறவனெல்லாம் சுட்டுத் தள்ளிவிட்டுப் போவான். ஆனால் இந்தக் கூடை விஷயத்தில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு மில்லிமீட்டருக்குள் கத்தியை ஓட்டிப் பிழைக்கிறவருக்கு இதெல்லாம் ஜுஜுபி.

மூன்று வாரமாக ஒரு தடவைகூடச் சிக்கவில்லை.

அவரும் சும்மா இருந்துவிடவில்லை. விமானத்தைத் திருப்பப் பிடிக்கிற கைப்பிடியை, அதாவது ஸ்டிக்கை, திறந்து பஞ்சால் துடைத்தார். வேறு துளையில் ஒயரைச் செருகிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் அதை இயக்குகிற டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டார். சின்ன அசைவுகளை விமானம் கண்டுகொள்ளாமல் விடுகிற மாதிரி ஒரு அமைப்பு உண்டு, அதைக் கூட்டினார். விமானம் எருமையாகிவிட்டது, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேசாமல் புது ஸ்டிக்கே வாங்கிவிட்டார். அதுவும் ஆடித் தொலைத்தது.

விளையாடுகிறவர்களின் குழுவில் கேட்டதற்கு யாரோ ஒருவன் பதில் போட்டிருந்தான். சோதனைத் திரையைத் திறங்கள். சதுரத்துக்குள் ஒரு கூட்டல் குறி தெரியும், ஸ்டிக் அசைந்தால் அதுவும் அசையும். முதலில் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள், அப்புறம் நீங்கள் பிடித்துப் பாருங்கள், கடைசியாக வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள்.

கையை எடுத்தார். கூட்டல் குறி ஆணி அடித்த மாதிரி நின்றது.

பிடித்தார். நின்ற இடத்திலேயே பொடிப்பொடியாகத் துடித்தது.

மனசின் ஒரு மூலைக்கு விஷயம் தெரியாமல் இல்லை. அவர்தான் அந்தப் பக்கமே போகவில்லை. நாளைக்குக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டரில் ஒரு கண் அவரை நம்பிப் படுக்கப்போகிறது. இந்த நேரத்தில் அங்கே போய் எதைக் கிளறுவது?

"இங்க கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி அப்படியே போட்டுவிட்டு வந்தாள். இருபது வருஷமாக அவருடைய தியேட்டர் நர்ஸ் அவள்தான். கத்தியோ இடுக்கியோ, அவர் வாய் திறப்பதற்குள் கையில் வைத்துவிடுவாள்.

"பாரு, நான் பிடிச்சா இந்தக் குறி ஆடுதா? இப்ப நீ பிடி. ஆட்டக் கூடாது. உனக்கும் தானா ஆடுச்சுன்னா கோளாறு ஸ்டிக்லதான்."

அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, திரையைக் கண் சுருக்கிப் பார்த்தபடி ஸ்டிக்கைப் பிடித்தாள்.

கூட்டல் குறி ஆடியது.

அப்பாடா! டாக்டருக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

"எனக்கும்தான் ஆடுது. ஸ்டிக்தாங்க கெட்டுப்போச்சு" என்றாள். குரலில் ஏனோ ஒரு அவசரம்.

அவர் மறுபடி பார்த்தார். குறி சதுரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ப் போய் வந்தது. அவர் பிடித்தபோது இப்படி இல்லை. உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற துடிப்பு அது. அவளுக்கு அது கண்ணில் படவே இல்லை. எவ்வளவு ஆட்ட வேண்டும் என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் மணிக்கட்டைப் பார்த்தார். இருபது வருஷத்தில் ஒரு நாளும் ஆடாத கை.

அவள் கைமேல் தன் கையை வைத்து நிறுத்தினார்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"மூணு வாரமா." அவள் தலை நிமிரவில்லை. "இடுக்கியை வாங்கும்போது உங்க விரல் என் விரல்ல பட்டுச்சு."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, ஒருவருக்கு இருமல், இன்னொருவருக்கு வீட்டில் ஆள் இல்லை என்று மூன்று வாரமாக அவருடைய பட்டியலிலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எல்லாரும் ஜூனியர் டாக்டரிடம் போய் நல்லபடியாக ஆபரேஷன் செய்துகொண்டார்கள். நமக்குக் கொஞ்சம் ஓய்வு என்று அவர் பாட்டுக்கு இருந்துவிட்டார். பட்டியல் போடுகிறவள் இவள்.

நாளைக் காலைப் பெயரை மட்டும் அவள் எடுக்கவில்லை. அதை எடுத்திருந்தால் அவருக்குத் தெரிந்துபோயிருக்கும்.

அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. போனை எடுத்து ஜூனியர் டாக்டரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அந்தக் கேஸை நீ செஞ்சுடும்மா. இனிமே எல்லாமே நீதான்."



"நான் செய்யறேன் சார். ஆனா பேஷன்ட் ஒத்துக்கணுமே? உங்களைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாதுன்னு போன வாரம்கூட என்கிட்ட அவ்வளவு சண்டை போட்டாங்களே!"

டாக்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார். புரை விழுந்த கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே அவள் தலையாட்டினாள்.

"ஒத்துக்கிட்டாங்க" என்றார்.