ஐந்தாவது கட்டம்

காலை வெயில் சாப்பாட்டு மேசையில் பாதிவரை ஏறியிருக்கிறது. முப்பது வருடம் ஆங்கில நாளிதழில் பிழை திருத்தி ஓய்வுபெற்றவர், இன்றைய ஆங்கிலக் குறுக்கெழுத்தின் மேல் குனிந்திருக்கிறார்.

“தாகத்துக்குக் குடிக்கிறது. அஞ்சு எழுத்து, நடுவுல டீ வரணும்.”

“நடுநடுவுல டீ கேட்டா கிடைக்காது,” என்கிறாள், எதிரே வெங்காயம் உரிக்கும் மனைவி.

“இதெல்லாம் ஒரு கேள்வியா!” அவர் பேனாவை அழுத்தி எழுதுகிறார். அவள் எட்டிப் பார்க்கிறாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தமிழ் எழுத்து: வா, ட், ட, ர். விளையாட்டுக்குத்தான் எழுதியிருக்கிறார் என்று அவளுக்குச் சிரிப்பு வருகிறது.

“என்னடி இது, ஒரு கட்டம் மிச்சமாகுதே?” நிஜமாகவே குழம்பிப்போய் நிமிர்ந்து சிரிக்கிறார். சிரிப்பு இடது கன்னத்தில் மட்டும் ஏறுகிறது; வலது பக்கம் உதடு தொங்கியபடியே இருக்கிறது.

நர்ஸாக இருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.