படத்துக்கு வைத்த பெயர்

“அம்மா, நான் எப்பம்மா செத்தேன்?”

மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

கண்காட்சிச் சுவரில் என் முகம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. கீழே தடித்த எழுத்தில் படத்தின் பெயர்: ‘மகனை இழந்தவள்’.

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஆள் இப்படி எதையாவது உளறி வைப்பான் என்று தெரிந்ததுதான்.

அந்தப் போட்டோக்காரன் என்னிடம் முதலில் வந்தது கடைவாய்ப்பல் வலிக்கு. வாயைத் திறப்பதற்குள் ஊரைக் கூட்டினான். எல்லாம் முடிந்து மரத்துப்போன உதட்டோடு எழுந்தவன், என்னையே உற்றுப் பார்த்து, உங்கள் முகம் எனக்கு வேண்டும் என்றான். பல்லைப் பிடுங்கியவளிடம் முகத்தைக் கேட்ட முதல் ஆள்.

போய்த் தொலைத்தேன்.

ஸ்டுடியோ முழுக்கக் கறுப்புத் துணி. நடுவில் ஒரு ஸ்டூல். உட்கார்ந்தேன். அவன் வெறுங்காலோடு, கேமராவை நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடி நின்றான். படம் எடுக்கப்போகிறவன் கண்ணை மூடுவதை அன்றுதான் பார்த்தேன்.

“நான் யாரையும் எதுவும் கேக்க மாட்டேன் மேடம். மனசும் மனசும் ஒட்டிக்கிட்டா போதும். உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லும், அப்ப அமுக்குவேன்.”

வயிறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெகுநேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டான். ஒரே ஒரு முறை அமுக்கினான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நடிப்புக்கும் ஓர் அளவு வேண்டாமா? கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கல்யாணம் ஆனவளா, பிள்ளை உண்டா என்றுகூட அவன் கேட்கவில்லை.

இப்போது கூடத்தின் நடுவில் நின்று உள்ளுணர்வைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். சுற்றி நின்றதுகள் தலையாட்டின. என் படத்தின் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, தோளை மெல்லத் தொட்டுவிட்டுப் போனாள். கையைத் தட்டிவிடத் தோன்றியது.

மகனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“இரும்மா, அந்தாளு முன்னாடி போய் நிக்கிறேன். சார், செத்துப்போன பையன் நான்தான்னு சொல்றேன். மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாரு.”

அவன் நகர்வதற்குள் எட்டி மணிக்கட்டைப் பிடித்தேன்.

“வேணாம். வா, வீட்டுக்குப் போலாம்.”

“ஏம்மா? புளுகுதானே அது?”

கையை விடாமல் வாசலைப் பார்த்து நடந்தேன். அவன் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தான்.

அவன் எனக்கு இரண்டாவது மகன். அதை அவனிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல நான் விட்டதில்லை.